பராசெட்டும் பராசிட்டும்: தொழிற்சொல்லை டிக்டேஷனுக்குப் பழக்குவது

நோர்வேயில் தலையிடிக்கும் காய்ச்சலுக்கும் எல்லோரும் வாங்கும் மாத்திரை பராசெட். உள்ளே இருப்பது பரசிட்டமோல்தான்; மருந்துக்கடையில் மட்டுமல்ல, பலசரக்குக் கடையிலும் கிடைக்கும். அதே நோர்வே மொழியில் ஒட்டுண்ணிக்குப் பெயர் பராசிட். ஒஸ்லோவின் முதியோர் இல்லம் ஒன்றில் மாலை வேலை முடித்த தாதி, "எட்டு மணிக்கு இரண்டு பராசெட் கொடுத்தேன்" என்று ஒலிவாங்கியிடம் சொல்ல, அது "இரண்டு ஒட்டுண்ணி கொடுத்தேன்" என்று எழுதினால் வாசிப்பவருக்குச் சிரிப்பு வரும். அடுத்த வரியில் மருந்தின் அளவு 15 என்று இருக்கவேண்டிய இடத்தில் 50 என்று விழுந்திருந்தால் சிரிப்பு வராது.

பேசி எழுதுவது இன்று ஒஸ்லோவில் பெரிய டொக்டர்மாரின் வசதி மட்டுமல்ல. வீட்டுப் பராமரிப்புச் சேவையில் ஓடித்திரிபவர்கள், முதியோர் இல்லத்தில் அறிக்கை எழுதுபவர்கள், கட்டடப் பரிசோதனைக்குப் போகும் பொறியியலாளர்கள், சட்டத்தரணிகள், நாவ் எனப்படும் நலன்புரி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதவேண்டியவர்கள் என்று பலர் ஒலிவாங்கியைத் தட்டுகிறார்கள். நம்மவர்களில் கணிசமானோர் இந்தத் தொழில்களில்தான் இருக்கிறார்கள். சாதாரணப் பேச்சை இந்த மென்பொருள்கள் இப்போது நன்றாகவே எழுதும். அவை தடுக்கி விழுவது தொழிற்சொற்களில்: மருந்துப் பெயர், நோய்ப் பெயர், சட்டச் சொல், உதிரிப்பாகத்தின் பெயர், ஆட்பெயர். வசனத்தில் எந்தச் சொல் முக்கியமோ அதில்தான் பிழை விழும். திருத்துவதற்கு வழிகள் உண்டு. அவை தெரியாததால் பலர் ஒரு கிழமை பாவித்துப் பார்த்துவிட்டு, "இது நமக்குச் சரிவராது" என்று கைவிடுகிறார்கள்.

முதலில் கருவி எப்படிக் கேட்கிறது என்று பார்த்துவிடுவோம். பேச்சில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வெளி கிடையாது. ஒலி ஒரே ஓட்டமாக வருகிறது. பழைய வகை மென்பொருள் மூன்று உறுப்புகளை வைத்து அதைப் பிரித்தது. ஒன்று, ஒலியைத் துண்டு துண்டாக்கி, இது 'ப', இது 'ரா' என்று மதிப்பிடுவது. இரண்டாவது, உச்சரிப்பு அகராதி: எந்த ஒலிக்கோவை எந்தச் சொல் என்ற பட்டியல். மூன்றாவது, மொழி மாதிரி: எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரக்கூடும் என்ற கணக்கு. ஏராளமான வசனங்களைப் படித்து இந்தக் கணக்கைக் கருவி போட்டு வைத்திருக்கும். ஒலி இரண்டு பக்கமும் சாயும்போது தீர்ப்புச் சொல்வது இந்த மூன்றாவது உறுப்பு.

நோர்வே மொழியில் 'பொன்னெர்' என்ற ஒலிக்கு விவசாயிகள் என்றும் பொருள், அவரைக்கொட்டைகள் என்றும் பொருள். எழுத்துக்கூட்டு வேறு, சொல்லும்போது சுருதி மட்டும் மாறும். இங்கே பிறந்து வளர்ந்தவர் சுருதியிலேயே பிரித்துவிடுவார். கருவி நம்பியிருப்பது பக்கத்துச் சொற்களை. வயலும் மானியமும் வந்தால் விவசாயி, சட்டியும் உப்பும் வந்தால் அவரை. பராசெட்டும் அப்படித்தான். பக்கத்தில் '500 மில்லிகிராம்' இருந்தால் மாத்திரை வெல்லும். 'குடல்', 'மலப் பரிசோதனை' இருந்தால் ஒட்டுண்ணி வெல்லும்.

பராசெட் ஊரறிந்த பெயர், கருவிக்கும் தெரிந்திருக்கும். எப்போதாவது ஒருவருக்கு எழுதப்படும் அபூர்வ மருந்தின் பெயர் அகராதியிலேயே இல்லை என்றால்? கருவி "எனக்குத் தெரியாது" என்று சொல்லாது. தனக்குத் தெரிந்த சொற்களில் ஒலி கிட்டடியாக இருப்பதை எடுத்து, கொஞ்சமும் கூச்சமில்லாமல் எழுதிவிடும். தொழிற்சொல் பழக்குவதன் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

முன்பு இந்தப் பழக்கம் மனிதரிடம் இருந்தது. வைத்தியர் ஒலிநாடாவில் பேசிவைப்பார். ஹெல்செசெக்ரெத்தார் எனப்படும் செயலாளர் அதைக் காதில் மாட்டி, காலால் மிதியை அழுத்தி நிறுத்தி நிறுத்தித் தட்டச்சுச் செய்வார். ஒரே பிரிவில் வருடக்கணக்காக இருந்த செயலாளருக்கு, எந்த வைத்தியர் எந்தச் சொல்லை விழுங்குவார், யார் எந்த மருந்தை விரும்பி எழுதுவார் என்பதெல்லாம் அத்துப்படி. அவருடைய தலைக்குள் இருந்ததைக் கணினிக்குள் இறக்கிவைக்கத்தான் இவ்வளவு பாடும்.

இந்தத் துறையில் ஒஸ்லோவுக்கு ஒரு சுவையான கிளைக்கதை உண்டு. ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த நோர்வே வீரர்களில் பெயர் பெற்றவர் மாக்ஸ் மானுஸ். 1945 ஜனவரி 16 அன்று இவரும் ரொய் நீல்சனும் ஒஸ்லோத் துறைமுகத்தில் டொனாவ் என்ற ஜெர்மன் கப்பலின் உடலில் கண்ணிவெடிகளை ஒட்டி அதை மூழ்கடித்தார்கள். போர் முடிந்ததும் மானுஸ் நண்பர் சோஃபுஸ் கிளவுசனோடு சேர்ந்து அலுவலக இயந்திர வியாபாரம் தொடங்கினார். பிறகு பிரிந்து தன் பெயரிலேயே கம்பனி நடத்தினார். அந்த மாக்ஸ் மானுஸ் கம்பனிதான் பின்னாளில் நோர்வே வைத்தியசாலைகளுக்கு டிக்டேஷன் கருவிகளையும் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளையும் கொடுத்தது. 2008இல் வந்த 'மாக்ஸ் மானுஸ்' படத்தைப் பார்த்த நம்மவர்கள் பலர். அந்தப் பெயர் டொக்டர்மாரின் ஒலிவாங்கியோடும் ஒட்டிக்கொண்டிருந்தது என்று தெரிந்தவர்கள் குறைவு.

சரி, செய்முறைக்கு வருவோம். தொழில்முறை மென்பொருள்களில் மிகப் பழைய பெயர்களில் ஒன்று டிராகன். 1990இல் வந்த அதன் முதல் பதிப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நிறுத்தி நிறுத்திப் பேசவேண்டும். விலையோ 9,000 டொலர். 1997இல்தான் இயல்பான வேகத்தில் பேசி எழுத முடிந்தது. கம்பனி பல கை மாறி, நுவான்ஸ் என்ற பெயரில் 2022இல் மைக்ரோசொஃப்டிடம் போய்ச் சேர்ந்தது. இந்த வகை மென்பொருள்களில் சொற்பட்டியல் என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே புதிய சொல்லுக்கு இரண்டு பெட்டிகள்: எழுத்து வடிவம், பேச்சு வடிவம். முதல் பெட்டியை மட்டும் நிரப்பிவிட்டு எழும்பிப் போனால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

இதய நோயாளர்கள் பலர் இங்கே ஆல்பில்-ஏ என்ற 75 மில்லிகிராம் மாத்திரை போடுவார்கள். எழுதும்போது பெரிய எழுத்தும் நடுவில் சிறுகோடும் வேண்டும். பேசும்போது கோடு எங்கே இருக்கிறது? 'ஆல்பில் ஏ' என்று இரண்டு சொல்லாகத்தான் வாயில் வரும். எழுத்து வடிவத்தில் கோட்டோடும், பேச்சு வடிவத்தில் கோடில்லாமலும் கொடுத்தால்தான் கருவி இரண்டையும் இணைக்கும். சுருக்கங்கள் இன்னும் மோசம். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை நான்கு பெரிய எழுத்தில் எழுதி, 'கொல்ஸ்' என்று ஒரே சொல்லாகச் சொல்வார்கள். இதயத் துடிப்பு வரைபடத்தின் சுருக்கத்தையோ 'ஏ-கோ-கே' என்று எழுத்தெழுத்தாகச் சொல்வார்கள். எது எப்படி வாயில் வருகிறது என்பதைக் கருவி தானாக அறியாது. நீங்கள்தான் சொல்லவேண்டும்.

நம்முடைய பெயர்களுக்கும் இதே மருந்துதான். பேச்சு வடிவத்தை எழுதும்போது நோர்வே எழுத்துக்கூட்டைப் பாவிக்கவேண்டும். ஆங்கிலத்தில் 'ஜ' ஒலிக்கு வரும் எழுத்தை நோர்வே மொழி 'ய' என்றுதான் வாசிக்கும். ஆகவே ஜெயந்தி என்ற பெயரை அப்படியே போட்டுவிட்டால் கருவி யெயந்திக்காகக் காத்துக்கொண்டிருக்கும். நீங்கள் ஜெயந்தி என்று எத்தனை முறை சொன்னாலும் அதற்கு விளங்காது. பெயரை நீங்கள் ஒரு மாதிரியும் நோர்வேஜியச் சகஊழியர் இன்னொரு மாதிரியும் சொல்வீர்கள் என்றால், ஒரே எழுத்து வடிவத்துக்கு இரண்டு பேச்சு வடிவம் கொடுக்கலாம். பல மென்பொருள்கள் அதை ஏற்கும்.

நோர்வே மொழி தமிழைப்போல் சொற்களை ஒட்டிக்கொண்டே போகும். இதயச் செயலிழப்புக்கான வெளிநோயாளர் பிரிவு அதில் ஒரே சொல். ஒட்டவேண்டியதைப் பிரித்து எழுதுவது இங்கே பள்ளிக்கூடத்தில் காது திருகும் பிழை. அதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 'லம்மெலோர்'. சேர்த்து எழுதினால் ஆட்டுக்குட்டியின் தொடை இறைச்சி. பிரித்து எழுதினால் வாதம் வந்த தொடைகள். இறைச்சிக்கடைப் பலகையில் இது பகிடி, நரம்பியல் பிரிவின் குறிப்பில் பகிடி அல்ல. கருவிக்குக் கூட்டுச்சொல்லின் இரண்டு பாதியும் தெரிந்து முழுச்சொல் தெரியாவிட்டால், இரண்டாகப் பிரித்து எழுதும் சபலம் அதற்கு எப்போதும் உண்டு. ஆகவே உங்கள் பிரிவில் அடிக்கடி வரும் கூட்டுச்சொற்களை முழுசாகவே சேருங்கள். பெயர்ச்சொல்லின் ஒருமை, பன்மை, சுட்டு விகுதி சேர்ந்த வடிவங்களையும் தனித்தனியாகச் சேர்க்கவேண்டும். அகராதியை நம்பும் மென்பொருளுக்கு ஒவ்வொரு வடிவமும் வேறு சொல்.

சொல்லைச் சேர்த்தாயிற்று. ஆனாலும் எழுதவில்லை. பலர் அலுத்துப்போகும் இடம் இதுதான். சொல்லை மட்டும் சேர்ப்பது, ஊருக்குப் புதிதாக வந்தவரின் பெயரை வாக்காளர் பட்டியலில் போட்டுவிடுவது போன்றது. அவர் யாருடைய ஆள், எந்தத் தெருவில் நடமாடுவார் என்பது யாருக்கும் தெரியாது. கருவியின் கணக்கில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்துச் சொற்கள் இல்லை. ஒலி சற்றுக் குழம்பினாலும் பழைய சொல்லே வென்றுவிடும். இதற்குத்தான் ஆவணங்களைப் படிக்கக் கொடுக்கும் வசதி இருக்கிறது. அந்தச் சொற்கள் இயல்பாக வரும் உங்கள் பழைய அறிக்கைகளைக் கருவிக்குக் கொடுத்தால், அது தெரியாத சொற்களைப் பொறுக்கி எடுத்துக் காட்டும். கூடவே எந்தச் சொல் எதனோடு வருகிறது என்ற கணக்கையும் திருத்திக்கொள்ளும். தனிச்சொற்கள் ஐந்நூறு கொண்ட பட்டியலைவிட, அவற்றில் ஐம்பது சொற்கள் வாழும் இருபது பக்க உரை பயன் தரும் என்பது என் அபிப்பிராயம்.

சொற்களை எங்கே எடுப்பது? மருந்துப் பெயர்களுக்கு நோர்வேயில் ஃபெல்லெஸ்கத்தலோகென் இருக்கிறது. 1958 முதல் வெளிவரும் மருந்து விவரத் தொகுப்பு, இப்போது இணையத்தில் யாரும் பார்க்கலாம். நோய்ப் பெயர்களுக்கு ஐ.சி.டி-10 பட்டியலின் நோர்வே வடிவம் உண்டு. ஆனால் இவற்றை முழுசாக அள்ளிப் போடாதீர்கள். தோல் நோய்ப் பிரிவில் இருப்பவருக்கு மகப்பேற்றுச் சொற்கள் வெறும் சுமையல்ல, இடைஞ்சல். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் இன்னொரு சொல்லின் இடத்தைப் பிடிக்கக்கூடிய போட்டியாளர். குறிப்பாக இரண்டு மூன்று எழுத்துச் சொற்களும் சுருக்கங்களும் சாதாரணப் பேச்சுக்குள் திடீர் திடீரென்று தலை காட்டும். எழுத்துக்கூட்டையும் பார்க்கவேண்டும். வைத்தியச் சொற்களை நோர்வே தன் எழுத்துமுறைக்கு மாற்றிக்கொண்டுவிட்டது. லத்தீன் வடிவத்தில் நோய்ப் பெயர் எழுதும் பழைய தலைமுறையும் ஒருபுறம் இருக்கிறது. ஒரு பிரிவில் இரண்டு வடிவமும் பட்டியலில் ஏறினால் கருவி இன்றைக்கு ஒன்றும் நாளைக்கு ஒன்றுமாக எழுதும். எது வேண்டும் என்பதை முதலே பேசித் தீர்த்துவிடுவது நல்லது.

அடுத்தது திருத்தும் முறை. பிழையான சொல்லின் மேல் நேரடியாகத் தட்டச்சுச் செய்தால் உங்கள் அறிக்கை திருந்தும், கருவி திருந்தாது. பழகும் வகை மென்பொருள்களில் திருத்தத்துக்கென்று தனிக் கட்டளை இருக்கும். அதை அழைத்து, பிழையைக் காட்டி, சரியானதைக் கொடுத்தால்தான் உங்கள் குரலில் அந்த ஒலி எந்தச் சொல் என்பது பதிவாகும். சொல்லை மட்டும் காட்டாமல் முன்னும் பின்னும் ஓரிரு சொற்களைச் சேர்த்துத் திருத்துவது இன்னும் நல்லது. இது முதல் சில நாட்கள் எரிச்சலூட்டும் வேலைதான். நேரமில்லை என்று மேலால் தட்டிவிட்டுப் போகும் பழக்கம்தான் "இது ஒரு நாளும் பழகாது" என்ற முறைப்பாட்டின் வேர்.

இதுவரை சொன்னது அகராதி வைத்த மென்பொருள்களின் கதை. புதியவை வேறு மாதிரி. 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர், 6,80,000 மணிநேரப் பேச்சைக் கேட்டுப் பழகியது. அதற்குள் தனியான அகராதி கிடையாது. ஒலியிலிருந்து நேரே எழுத்துத் துண்டுகளை அடுக்குகிறது. கேட்டேயிராத மருந்துப் பெயரையும் துண்டுகளை ஒட்டி எழுதிப் பார்க்கும். சில நேரம் சரியாக வரும், சில நேரம் உலகில் இல்லாத மருந்து ஒன்று பிறக்கும்.

இங்கே நோர்வே செய்த காரியத்தைச் சொல்லத்தான் வேண்டும். 50 லட்சம் சொச்சம் பேர் கொண்ட நாடு. ஊருக்கு ஊர் வட்டார வழக்கு. 'நான்' என்பதற்கே 'யெய்', 'ஏக்', 'ஆ' என்று பல வடிவம். எழுத்துமொழியோ பூக்மோல், நீநொர்ஸ்க் என்று இரண்டு. இப்படிப்பட்ட மொழிக்கு வெளிநாட்டுக் கம்பனிகள் தாமாகப் பணம் செலவழிக்கும் என்று காத்திருக்க முடியாது. 1996இல் வொஸ் என்ற ஊரில் பேச்சுத் தொழில்நுட்பக் கம்பனி ஒன்று தொடங்கி, ஆட்களைப் பேசவைத்துப் பதிவு செய்தது, 7 லட்சத்துக்கும் மேற்பட்ட சொல்வடிவங்களுக்கு உச்சரிப்பு அகராதி செய்தது, 2003இல் முறிந்துபோனது. அந்தச் சொத்து எங்காவது மறைந்துபோகாமல், பல்கலைக்கழகங்களும் மொழி மன்றமும் முன்னின்று அதை மீட்டெடுத்தன. இப்போது அது தேசிய நூலகத்தின் மொழி வங்கியில் யாருக்கும் இலவசம். ஒஸ்லோவின் சொல்லி பிளாஸில் நிற்கும் அதே தேசிய நூலகம், என்.ஆர்.கே. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் அவற்றின் வசன வரிகளும், ஒலிநூல்கள், ஸ்தூர்திங் எனப்படும் நாடாளுமன்றப் பேச்சுகள், வொஸ் பதிவுகள் ஆகியவற்றை வைத்து விஸ்பரை நோர்வே மொழிக்குத் திரும்பப் பழக்கியது. 66,000 மணிநேரப் பேச்சு. 2024இல் என்பி-விஸ்பர் என்ற பெயரில் ஐந்து அளவுகளில் வெளிவந்தது. சிறியவை சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். குரல் கணினியை விட்டு வெளியே போகத் தேவையில்லை.

இந்தப் புதிய வகைக்குத் தொழிற்சொல் எப்படிக் கொடுப்பது? மிக எளிய வழி முன்னுரை. ஒலியை அனுப்பும்போது கூடவே ஒரு சிறு உரையையும் கொடுக்கலாம். கருவி அதை, தான் சற்றுமுன் எழுதிய பகுதி என்று எண்ணிக்கொண்டு அதே போக்கில் தொடரும். ஆகவே அரிய சொற்களைக் காற்புள்ளி போட்டு அடுக்குவதைவிட, அவை வரும்படி இரண்டு மூன்று வசனம் எழுதுவது மேல்: "இதயச் செயலிழப்புள்ள நோயாளி. ஆல்பில்-ஏ 75 மில்லிகிராம் எடுக்கிறார். கொல்ஸ் உண்டு" என்கிற மாதிரி, ஆனால் நோர்வே மொழியில். எழுத்துக்கூட்டு, சிறுகோடு, பெரிய எழுத்து எல்லாவற்றையும் அதிலிருந்தே பார்த்துக்கொள்ளும். இடம் குறைவு, 224 துண்டுகளுக்கு மேல் போனால் முன்பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கடைசிப் பகுதியை மட்டும் எடுக்கும். நீளமான நோர்வே மருந்துப் பெயர் ஒன்றே நான்கைந்து துண்டாகும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. விஸ்பர் 30 விநாடி 30 விநாடியாகக் கேட்கிறது. மூல வடிவில் உங்கள் முன்னுரை முதல் துண்டத்துக்குத்தான். அதன் பிறகு தானே எழுதியதைத் தனக்கு முன்னுரையாக வைத்துக்கொள்கிறது. நீண்ட பதிவில் கடைசியில் வரும் மருந்துப் பெயர் பிழைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பதிவைச் சிறு சிறு துண்டாக வைத்து ஒவ்வொன்றுக்கும் முன்னுரை கொடுங்கள்.

கூகிள், மைக்ரோசொஃப்ட் போன்றோரின் கட்டணச் சேவைகளில் சொற்றொடர்ப் பட்டியல் கொடுத்து, அவற்றுக்கு எவ்வளவு சலுகை காட்டலாம் என்று எண்ணாலும் சொல்லலாம். எண்ணை உயர்த்திக்கொண்டே போனால் சொல்லாத இடத்திலும் அந்தச் சொல் முளைக்கும். குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவதே பாதுகாப்பு.

என்பி-விஸ்பரில் கவனிக்கவேண்டிய ஒன்று: அதன் பெரிய மாதிரி சில வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று வாயில் வந்ததை வந்தபடி எழுதும். இன்னொன்று தொலைக்காட்சி வசன வரிபோல் சுருக்கிச் சீராக்கும். கூட்டக் குறிப்புக்கு இரண்டாவது வசதி. வாக்குமூலத்துக்கும் நோயாளர் குறிப்புக்கும் அது ஆபத்து. "இல்லை போலத் தெரிகிறது" என்பதை "இல்லை" என்று சீராக்கிவிட்டால் பொருள் வேறு. விஸ்பர் மௌனத்தில் வசனம் புனைவதும் பதிவாகியிருக்கிறது. 2024இல் வெளிவந்த ஒரு ஆய்வில் ஏறத்தாழ 1 சதவீதப் பதிவுகளில், யாரும் சொல்லாத முழுத் தொடர்கள் எழுதப்பட்டிருந்தன. பேச்சில் நீண்ட இடைவெளி விடுபவர்களுக்கு இது கூடுதலாக நேர்ந்தது. யோசிக்கும்போது பதிவை நிறுத்திவையுங்கள்.

எந்தச் சொற்பட்டியலும் காப்பாற்றாத சில இடங்கள் உண்டு. உயர் இரத்த அழுத்தம் 'ஹிப்பர்தென்ஷூன்', தாழ்ந்த அழுத்தம் 'ஹிப்போதென்ஷூன்'. இரண்டும் அகராதியில் இருக்கும்; இரண்டும் ஒரே மாதிரி வசனத்தில் வரும்; ஆகவே பக்கத்துச் சொற்களும் கைவிடும். வேகமாகச் சொன்னால் நடுவசை கரைந்துவிடும். 15 'ஃபெம்தென்', 50 'ஃபெம்தி'. 17க்கும் 70க்கும் இதே சிக்கல். இங்கே பழக்கவேண்டியது நம் வாயைத்தான்: நடுவசையை அழுத்திச் சொல்வது, அளவை இரண்டு விதமாகச் சொல்வது, எழுதியதை ஒருமுறை கண்ணால் பார்ப்பது. எண் விஷயத்தில் நோர்வேக்குப் பழைய அனுபவம் உண்டு. முன்பு 25ஐ 'ஐந்தும் இருபதும்' என்று பின்னிருந்து முன்னாகச் சொன்னார்கள். தொலைபேசியில் எண் சொல்லும்போது குழப்பம் வருகிறது என்று தொலைபேசித் துறை முறையிட, 1951 ஜூலை 1 முதல் 'இருபத்தைந்து' என்ற ஒழுங்குக்கு நாடே மாற்றப்பட்டது. ஆனாலும் பழைய முறையில் சொல்பவர்கள் இன்றும் உண்டு. நீங்கள் அப்படிப்பட்டவர் என்றால், டிக்டேஷனில் மட்டுமாவது புதிய முறைக்கு மாறுங்கள். தசமப் புள்ளிக்கு நோர்வே 'கொம்மா' என்று சொல்லும். காற்புள்ளி போடச் சொல்லும் கட்டளையும் அதே 'கொம்மா'. 0,5 என்பது உங்கள் கருவியில் எப்படி விழுகிறது என்று முதல் நாளே சோதித்துக்கொள்ளுங்கள். பத்து மடங்குப் பிழை ஒரு புள்ளி தூரத்தில்தான் இருக்கிறது.

சொற்பட்டியலே இல்லாத கருவிகளும் உண்டு. கைத்தொலைபேசி விசைப்பலகையின் ஒலிவாங்கி பெரும்பாலும் அப்படி. அங்கே எழுதி முடித்தபின் தேடி மாற்றும் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளலாம்: 'ஆல்பில் ஏ' வந்தால் 'ஆல்பில்-ஏ' ஆக்கு என்று. பக்கத்துச் சொல் பார்க்காத குருட்டு மாற்றம் இது. முதியோர் இல்லத்தில் பராசிட்டை எல்லாம் பராசெட் ஆக்கலாம். தொற்றுநோய்ப் பிரிவில் அதே பட்டியலைப் பாவித்தால் மலேரியா ஒரு தலைவலி மாத்திரையால் வரும் நோயாகிவிடும்.

ரகசியத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1999ஆம் ஆண்டின் சுகாதாரப் பணியாளர் சட்டத்தின் 21ஆம் பிரிவு, நோயாளர் விவரத்தைக் காக்கும் கடமையைத் தாதி முதல் வைத்தியர் வரை எல்லார் தலையிலும் வைக்கிறது. சொந்தக் கைத்தொலைபேசியில் இலவசச் செயலிக்கு நோயாளியின் பெயரோடு கதைப்பது, அது எவ்வளவு நன்றாக எழுதினாலும், செய்யக்கூடாத வேலை. பழக்குவதற்கு ஆவணம் கொடுக்கும்போதும் பெயர், பிறந்த திகதி, முகவரியை எடுத்துவிட்டே கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் பழைய நோயாளியின் பெயர் கருவியின் சொல்லாகி, இன்னொருவரின் குறிப்பில் எட்டிப்பார்க்கும். வேலைக் கணினியில் நீங்களாக எதையும் நிறுவவும் முடியாது. ஒஸ்லோ வைத்தியசாலைகளின் கணினிகள் சீக்கெஹூஸ்பார்ட்னர் என்ற அரச அமைப்பின் கையில். என்ன மென்பொருள், யார் சொல் சேர்க்கலாம் என்பதை உங்கள் பிரிவு வழியாகத்தான் கேட்கவேண்டும். பிரிவுக்குப் பொதுவான பட்டியல் இருந்தால், தனிப் பட்டியலுக்கு முன் அதில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆள் மாறினாலும் சொல் தங்கும்.

நமது உச்சரிப்பு இன்னொரு தடை. பூர்வீக நோர்வேஜியர் பேச்சில் பழகிய கருவிக்கு நம் உயிரொலிகளும் சுருதியும் புதிது. பேச்சு வடிவப் பெட்டியில் புத்தக உச்சரிப்பை எழுதாமல், நீங்கள் உண்மையில் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படி எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, பெட்டியை யாரும் பார்க்கப்போவதில்லை. தமிழில் பேசி எழுத விரும்புபவர்களுக்கு, கூகிள் 2017 ஓகஸ்டில் தமிழைச் சேர்த்தது முதல் வழி திறந்திருக்கிறது. அதன் பேச்சுச் சேவைப் பட்டியலில் தமிழ் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நான்கு நாட்டுப் பெயரோடு நிற்கிறது. நான்கையும் மாற்றிப் பார்த்து, உங்கள் வாய்க்கு எது ஒத்துவருகிறதோ அதை வையுங்கள். ஆனால் "நாளைக்கு லேகெதீமெ இருக்கு, சீக்கெமெல்டிங் அனுப்பவேணும்" என்று, டொக்டரிடம் குறித்த நேரத்தையும் சுகவீனச் சான்றிதழையும் நோர்வே சொல்லாலேயே சொல்லி வீட்டில் கதைக்கும் ஒஸ்லோத் தமிழை எந்தக் கருவியும் ஒழுங்காக எழுதாது. ஒரு மொழியைத் தெரிவு செய்தால் அது அந்த மொழியின் சொற்களுக்குள்தான் தேடும்.

பழக்கியது பலித்ததா என்று பார்க்க, உங்கள் வேலையில் வரும் மாதிரி ஒரு பக்கத்தை, பெயரெல்லாம் கற்பனையாக வைத்து எழுதி, வாசித்துப் பதிவு செய்து வையுங்கள். மொத்தச் சொற்களில் எத்தனை பிழை என்று எண்ணாதீர்கள். 'அது', 'பிறகு' எல்லாம் சரியாக வந்து சதவீதத்தை அழகாக்கிவிடும். தொழிற்சொற்களையும் எண்களையும் 'இல்லை' என்ற சொல்லையும் மட்டும் எண்ணுங்கள். ஒவ்வொரு முறை பட்டியலை மாற்றியதும் அதே பதிவைத் திரும்பக் கொடுத்து, முன்பு சரியாக வந்த சொல் எதுவும் உடைந்ததா என்று பாருங்கள். உடைந்திருந்தால் கடைசியாகச் சேர்த்தவற்றை நீக்கிவிட்டு ஐந்தைந்தாகத் திரும்பச் சேருங்கள். குற்றவாளி பெரும்பாலும் ஏதாவது மூன்றெழுத்துச் சுருக்கமாகத்தான் இருக்கும்.